ஒரே வகுப்புல ஆறு பாஷை: ஓசூர் பக்கத்து அரசுப் பள்ளி என்ன பண்ணணும்? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க

பாகலூர்ரோடு அம்மா

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஓசூர்ல பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு ஒன்றிய தொடக்கப்பள்ளியில என் பொண்ணு மூணாவது படிக்கிறா. நான் அந்த ஸ்கூல் எஸ்எம்சி (பள்ளி மேலாண்மைக் குழு) மெம்பர். அவ கிளாஸ்ல பாதிப் பிள்ளைங்க வீட்ல தெலுங்கு, கொஞ்சம் பேர் கன்னடம், ரெண்டு மூணு பேர் உருது, இதெல்லாம் நம்ம ஊருக்கு பழசு, யாருக்கும் இது பிரச்சனையாவே தெரிஞ்சதில்ல. இப்போ ரோஜா தோட்டத்துக்கும் சிப்காட்டுக்கும் வேலைக்கு வர்றவங்க குடும்பத்தோட வர்றாங்க, ஜார்கண்ட், ஒடிசா, பீகார், அசாம்னு. அந்தப் பிள்ளைங்களும் நம்ம ஸ்கூலுக்குத்தான் வருது, வேற எங்க போகும்.

போன மீட்டிங்ல ஒருத்தர் சொல்றார், புதுசா வர்றதுங்களுக்கு தமிழ் வர்ற வரைக்கும் தனியா ஒரு ஓரமா உக்கார வெச்சிடலாம்னு. இன்னொருத்தர் டிசி இல்லாம வர்றவங்கள, ஜூலைக்கு அப்புறம் வர்றவங்கள சேக்கவே வேணாம்னு சொல்றார். எனக்கு மனசு கேக்கலைங்க. அந்தக் குழந்தைங்க காலைல உப்புமா தட்டு முன்னாடி மத்த பிள்ளைங்களோட கலந்து உக்காந்து சாப்பிடுதுங்க, கிளாஸ்ல மட்டும் ஓரத்துல உக்காரணுமா? ஆனா சும்மா "பாவம்"னு சொல்லி மீட்டிங்ல ஜெயிக்க முடியாது, எது நடைமுறையில வேலை செய்யும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, அடுத்த மீட்டிங்ல தீர்மானமா கொண்டு போகணும். கட்சி சண்டை மட்டும் இங்க வேணாம் ப்ளீஸ்.

சிப்காட் ஷிஃப்ட்

அக்கா தப்பா எடுத்துக்காதீங்க, எதிர்ப் பக்கத்தையும் ஒருத்தர் சொல்லணும். என் பையன் நாலாவது. நாலுக்கும் அஞ்சுக்கும் சேத்து ஒரே டீச்சர். புதுசா வந்த பிள்ளைங்களுக்கு சைகையில சொல்லி புரிய வைக்கறதுலயே பாதி பீரியட் போயிடுதுன்னு அவங்களே சொல்றாங்க. எங்க சம்பளத்துக்கு பிரைவேட் ஸ்கூல் முடியாது, இந்த ஒரு ஸ்கூல்தான் எங்களுக்கு. அந்தக் குழந்தைங்க மேல எனக்கு கோவம் இல்ல, ஆனா என் பையன் படிப்பு நிக்கறது பத்தி நான் பேசினா உடனே கெட்டவன்னு முத்திரை குத்தாதீங்க.

தளி டீச்சர்

சிப்காட் சார், நீங்க கேக்கறது நியாயமான கேள்வி, யாரும் முத்திரை குத்த மாட்டாங்க. தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் ரொம்ப வருஷமா தொடக்கப்பள்ளி டீச்சரா இருக்கேன், தெலுங்கு வீடு, கன்னட வீடு பிள்ளைங்கதான் என் கிளாஸ்ல எப்பவும் அதிகம். பார்த்ததை சொல்றேன்.

மொதல்ல ஓரமா உக்கார வெக்கறது. இதுக்கு தயவுசெஞ்சு ஒத்துக்காதீங்க. தமிழ் வர்ற வரைக்கும் தனியா வெக்கறோம்னு சொல்றாங்க, ஆனா தமிழ் பேசற பிள்ளைங்களோட உக்காராம தமிழ் எப்படிங்க வரும்? தனியா வெச்ச பிள்ளை வாயே திறக்காது, ரெண்டு மாசத்துல லீவு போட ஆரம்பிக்கும், அப்புறம் தம்பி பாப்பாவ பாத்துக்க வீட்லயே நின்னுடும். அதுவும் பொண்ணுங்கன்னா கண்டிப்பா நின்னுடும்.

ரெண்டாவது, எண்ணும் எழுத்தும்னு அடிப்படை வாசிப்பு, கணக்குக்கு அரசு திட்டம் 2022ல வந்துச்சு இல்ல, மொதல்ல 1 முதல் 3 வரை, அடுத்த வருஷம் 4, 5க்கும். அதுல பிள்ளைக்கு எவ்ளோ தெரியும்னு பாத்து அரும்பு (ஆரம்ப நிலை), மொட்டு (நடு நிலை), மலர் (மேல் நிலை)னு பிரிச்சு பாடம் எடுக்கறோம். புதுசா வந்த பிள்ளை வயசுக்கு நாலாவதுல உக்காரும், தமிழ்ல அரும்பு, ஆனா கணக்குல நல்லா இருந்தா மலர் குரூப். இந்த வசதியை சரியா யூஸ் பண்ணா உங்க பையனும் நிக்க வேணாம், அந்தப் பிள்ளையும் தொலைய வேணாம். தமிழ் தெரியலைன்னா எல்லாத்துலயும் அரும்புல தள்ளிடறதுதான் பல இடத்துல நடக்குது, அங்கதான் நாம தப்பு பண்றோம். பீகார்ல இருந்து வந்த ஒரு பையன் வாய்ப்பாடு அவன் பாஷையில ஒப்பிச்சான், விரல் விட்டுப் பார்த்தா எல்லாம் சரி. அவனைப் போய் ஒன்னு ரெண்டு எண்ண வெச்சா அவனுக்கு எப்படி இருக்கும்?

மூணாவது ஒன்னு, இது பெத்தவங்களுக்கும் டீச்சருக்கும் சேத்து சொல்றேன். தெருவுல பேசற தமிழ் ஒரு வருஷத்துல வந்துடும். "டீச்சர் அவன் அடிச்சிட்டான்"னு அழகா சொல்லுவான். உடனே இவனுக்கு தமிழ் வந்துடுச்சுன்னு முடிவு பண்ணிடறோம். புஸ்தகத் தமிழ் வேற, சூழ்நிலையியல் பாடத்துல ஒரு பத்தி படிச்சு பதில் எழுதறதுக்கு அஞ்சு வருஷம்கூட ஆகும், பல நாட்டுல பாத்து எழுதியிருக்காங்க இதை. நடுவுல அந்த வருஷங்கள்ல அவன் மக்குன்னு பேர் வாங்கிடறான். தெலுங்கு வீட்டுப் பிள்ளைங்களுக்கு நாம இதைத்தான் பல தலைமுறையா பண்ணிட்டு இருக்கோம், அவங்க சத்தம் போடலை அவ்வளவுதான்.

மாங்கனி நகர்

ஒரு ஹிந்தி வாத்தியார் போட்டா முடிஞ்சுது, இதுக்கு எதுக்கு இவ்ளோ பேச்சு

பாலிஹவுஸ் சூப்பர்வைசர்

முடியாது ப்ரோ. பேரிகை பக்கம் ரோஜா பாலிஹவுஸ்ல (பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டம்) சூப்பர்வைசரா இருக்கேன், எங்க லைன் வீட்ல இருக்கற ஜார்கண்ட் குடும்பங்க வீட்டுக்குள்ள பேசறது ஹிந்தி இல்ல. சிலர் சந்தாலி, சிலர் முண்டாரி, பெரும்பாலும் சதரி. பெரியவங்களுக்கு ஹிந்தி தெரியும், அஞ்சு வயசுப் பிள்ளைக்கு தெரியாது. சந்தாலி 2003லயே அரசியல் சட்டத்துல எட்டாவது அட்டவணையில சேத்த மொழி, தனி எழுத்தே இருக்கு, நமக்குத்தான் "வடக்கன்"னு ஒரே பேரு. ஒடிசாவுலயே ஆதிவாசிப் பிள்ளைங்களுக்கு ஒடியா புரியலைன்னு 2006-07ல பத்து பழங்குடி மொழியில பாடம் ஆரம்பிச்சாங்க. அந்த ஊர்லயே அப்படின்னா இங்க வந்து ஹிந்தி சொல்லிக் குடுத்தா அந்தக் குழந்தைக்கு அதுவும் புதுசு, தமிழும் புதுசு, ரெட்டைச் சுமை.

அந்த அப்பா அம்மாங்க எங்கிட்ட கேக்கறது என்ன தெரியுமா? "தமிழ் நல்லா சொல்லிக் குடுக்க சொல்லுங்க சார்"னுதான். ரேஷன் கடை, ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் பிள்ளைங்கதான் இப்ப அவங்களுக்கு தமிழ் பேசிக் குடுக்குது. தமிழ் வேணாம்னு அவங்க யாரும் சொல்லலை, அதுக்கு போய் சேர ஒரு பாலம் கேக்கறாங்க.

பென்னாகரத்தான்

நான் எழுதியே ஆகணும் இதுல.

எங்க அப்பா அம்மா பென்னாகரம் பக்கத்துல இருந்து பெங்களூருக்கு பில்டிங் வேலைக்கு போனவங்க. நம்ம தர்மபுரி மாவட்டத்துல பாதி ஊர் இப்படித்தான், மழை இல்லைன்னா பொட்டி கட்டிகினு பெங்களூரு, இல்லைன்னா கேரளா, திருப்பூர். 2011 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுலயே படிப்பறிவு கம்மியான மாவட்டம் நம்மளுது, அதுக்கு காரணம் நம்ம பிள்ளைங்களுக்கு மூளை இல்லைன்னு இல்ல, வருஷத்துல பாதி நாள் ஸ்கூல் ஒரு ஊர்ல, அப்பா அம்மா ஒரு ஊர்ல.

பெங்களூர்ல சைட்டு பக்கத்துல ஒரு கன்னட ஸ்கூல்ல போட்டாங்க என்னை. ஒரு எழுத்து தெரியாது. அங்க என்னை கடைசி வரிசையில உக்கார வெச்சு, யாரும் எதுவும் கேக்காம, ஒரு வருஷம் முழுக்க போர்டுல இருக்கறத படம் வரையற மாதிரி வரைஞ்சுகினு இருந்தேன். எல்லாரும் நல்லவங்கதான், யாரும் திட்டலை, அடிக்கலை. ஆனா யாரும் ஒன்னும் கேக்கவும் இல்லை. அடுத்த வருஷம் வேற சைட்டு, வேற ஸ்கூல், அங்க ஒரு டீச்சரம்மா சைட்ல கலவை போடற எங்க ஊர் பையன் ஒருத்தனை வாரத்துல ரெண்டு நாள் சாயங்காலம் கூப்பிட்டு அவனை வெச்சு எனக்கு பாடத்தை தமிழ்ல சொல்ல வெச்சாங்க. அவன் எட்டாவது பெயிலானவன். அவன் சொல்லிக் குடுத்ததுலதான் நான் படிக்கவே ஆரம்பிச்சேன், இன்னிக்கு டிப்ளமா முடிச்சு வேலையில இருக்கேன்.

சிப்காட் அண்ணா, உங்க பையனை நெனச்சு நீங்க பேசறது புரியுது. ஆனா நம்ம ஜில்லாக்காரன் பிள்ளை எந்த ஊர் ஸ்கூல்ல கடைசி வரிசையில உக்காந்திருக்கானோ, அந்த ஊர்ல ஒரு அப்பா இதே வார்த்தைய சொல்லிட்டு இருப்பார். பாகலூர் அக்கா, மொழி தெரிஞ்ச ஒரு ஆள், படிச்சவங்களா இருக்கணும்னுகூட இல்லை, அதை மட்டும் எப்படியாவது ஏற்பாடு பண்ணுங்க.

பாகலூர்ரோடு அம்மா

பென்னாகரம் தம்பி, ரொம்ப நன்றிப்பா. இதை மீட்டிங்ல அப்படியே படிச்சுக் காட்டலாமா?

பென்னாகரத்தான்

தாராளமா படிங்கக்கா.

கிருஷ்ணகிரி வக்கீல்

சட்டம் பத்தி யாரும் சொல்லலை, அதனால நான் சொல்றேன். டிசி இல்லைன்னு சேக்க மாட்டோம்னு சொன்னா அது சட்ட விரோதம். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5, டிசி வர லேட்டாகுதுங்கறத காரணம் காட்டி அட்மிஷன் மறுக்கக் கூடாது. பிரிவு 14, வயசு சான்று இல்லைன்னாலும் மறுக்கக் கூடாது. பிரிவு 15, வருஷ நடுவுல வந்தாலும் மறுக்கக் கூடாது. பிரிவு 4, வயசுக்கு ஏத்த வகுப்புல சேக்கணும், பின்தங்கியிருந்தா சிறப்புப் பயிற்சி குடுக்கணும், அது குழந்தையோட உரிமை, ஹெச்எம் தர்மம் பண்றது இல்ல. பயிற்று மொழி முடிஞ்ச வரைக்கும் தாய்மொழியா இருக்கணும்னு பிரிவு 29லயே இருக்கு. அரசியல் சட்டத்துல 350ஏ, மொழிச் சிறுபான்மை குழந்தைங்களுக்கு தொடக்க நிலையில தாய்மொழியில கல்வி கிடைக்க மாநிலம் முயற்சி பண்ணணும்னு சொல்லுது. கல்வி உரிமைச் சட்டத்துல சொன்னதெல்லாம் எட்டாவது வரைக்கும் பொருந்தும். பிரிண்ட் எடுத்து மீட்டிங் மினிட்ஸோட வெச்சுடுங்க, அப்புறம் யாரும் வாய்மொழியா திருப்பி அனுப்ப முடியாது.

இன்னொரு விஷயம், எஸ்எம்சில முக்கால் பங்கு பெத்தவங்க இருக்கணும், பாதிப் பேர் பெண்கள், பின்தங்கிய நிலையில இருக்கற குழந்தைங்களோட பெத்தவங்களுக்கும் இடம் தரணும்னு பிரிவு 21ல இருக்கு. உங்க கமிட்டில அந்த ஜார்கண்ட், ஒடிசா குடும்பத்துல இருந்து யாராவது ஒருத்தர் இருக்காங்களா? அவங்க இல்லாமலே அவங்கள பத்தி தீர்மானம் போடறது எனக்கு சரியா படலை.

பாகலூர்ரோடு அம்மா

யாரும் இல்லைங்க சார். நீங்க கேட்ட அப்புறம்தான் உறைக்குது. மெம்பரா போட இப்ப முடியாது, ஆனா மீட்டிங்குக்கு கூப்பிடலாம், கூப்பிடறேன்.

பழையபேட்டை பொண்ணு

கிருஷ்ணகிரி டவுன்ல உருது மீடியம்ல அஞ்சாவது வரைக்கும் படிச்சேன். ஆறாவதுல தமிழ் மீடியத்துக்கு மாத்தினாங்க ஏன்னா எங்க பக்கத்துல உருதுல மேல படிக்க வழி இல்லை. நல்லா படிச்சுட்டு இருந்தவ ஒரே நாள்ல கடைசி ரேங்க். என் கூட வந்த பொண்ணுங்கள்ல பாதிப் பேர் எட்டாவதுக்குள்ள நின்னுட்டாங்க, வீட்ல கல்யாணப் பேச்சு ஆரம்பிச்சுது.

நான் நின்னு படிச்சதுக்கு காரணம் ஒரு சயின்ஸ் மிஸ். எழுத வரலைன்னா வாயால சொல்லு, உருது கலந்து சொன்னாலும் பரவாயில்லைன்னு சொன்னாங்க. அவங்களுக்கு உருது தெரியாது, பக்கத்துல இருக்கற பொண்ணு சொல்லுவா, அதைக் கேட்டு மார்க் போட்டாங்க. சயின்ஸ் எனக்கு தெரியும்னு ஒருத்தருக்காவது தெரிஞ்சுது.

2006ல தமிழ் கற்றல் சட்டம் வந்துது, ஒன்னாவதுல ஆரம்பிச்சு வருஷா வருஷம் ஏறி 2015-16ல பத்தாவதுக்கு தமிழ் கட்டாயம் ஆச்சு. நான் அந்த சட்டத்துக்கு எதிரி இல்லைங்க, தமிழ்நாட்டுல வாழறோம், தமிழ் படிச்சே ஆகணும், படிச்சதுனாலதான் இங்க எழுதறேன். ஆனா உருது, தெலுங்கு, கன்னட ஸ்கூல்களுக்கு தமிழ் சொல்லிக் குடுக்க ஆள் சரியா போடாம பரிட்சையை மட்டும் வெச்சா பிள்ளைங்க என்ன பண்ணுவாங்க? அதனாலதான் கேஸ் போட்டு ஒவ்வொரு முறையும் விலக்கு கேட்டு கோர்ட்டுக்கு போனாங்க, 2023ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் அந்த வருஷத்துக்கு விலக்கு வாங்கினாங்க. விலக்கு வாங்கறதால பிள்ளைக்கு தமிழ் வந்துடாது. எங்களுக்கு தேவை நல்ல தமிழ் டீச்சர்.

தளி டீச்சர்

பழையபேட்டை பாப்பா சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. தெலுங்கு மீடியம், கன்னட மீடியம்லயும் இதே கதை. இந்த எல்லைக்கு பழக்கமான மொழிங்களுக்கே இந்த நிலைமைன்னா புதுசா வர்ற மொழிங்களுக்கு கேக்கவே வேணாம்.

அரூர் ஜீவா நகர்

மொழியோட நிறுத்திடாதீங்க. எங்க அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் எல்லாரும் பேசறது ஒரே தமிழ்தான், ஆனா யார் யார் பக்கத்துல உக்காரணும்னு பிள்ளைங்களே பிரிஞ்சு உக்காருது. கையில சாதிக்கு ஒரு கலர் கயிறு. காலனிப் பிள்ளைங்க ஒரு மூலை, ஊர்ப் பிள்ளைங்க ஒரு மூலை, சித்தேரி மலையில இருந்து இறங்கி வர்ற பிள்ளைங்க இன்னொரு மூலை. 2023ல நாங்குநேரியில ஒரு மாணவனை கூட படிக்கறவங்களே வீடு புகுந்து வெட்டின அப்புறம் நீதிபதி சந்துரு தலைமையில கமிட்டி போட்டாங்க, 2024 ஜூன்ல அறிக்கை குடுத்தார். பள்ளிப் பேருல சாதி எடுங்க, கயிறு கட்டக் கூடாது, பேரோட அகர வரிசைப்படி உக்கார வையுங்கன்னு பரிந்துரை.

பாகலூர் அக்கா, அந்த அகர வரிசையை உங்க ஸ்கூல்ல இப்பவே ஆரம்பிக்கலாம், செலவே இல்லை. யாரையும் குத்தி சொல்ற மாதிரியும் இருக்காது, ஜார்கண்ட் பையன் பக்கத்துல தானா நம்ம பையன் வந்துடுவான். இன்னிக்கு மொழிக்குன்னு ஓரம் ஒதுக்கினா நாளைக்கு வேற எதுக்குன்னாலும் ஓரம் ஒதுக்குவாங்க, அந்தப் பழக்கம் எங்க போய் முடியும்னு எங்க மாவட்டத்துக்கு நல்லா தெரியும்.

சிப்காட் ஷிஃப்ட்

எல்லாரும் சொன்னதை படிச்சேன். பென்னாகரம் தம்பி எழுதினது ரொம்ப நேரம் மனசுல இருந்துச்சு. அகர வரிசைக்கு எனக்கு சம்மதம், ஓரமா உக்கார வெக்கறதுக்கு நானும் எதிர்ப்புதான். ஆனா என் கேள்வி அப்படியே இருக்கு, ரெண்டு கிளாஸுக்கு ஒரு டீச்சர், அவங்க எத்தனை நிலை, எத்தனை பாஷை பாப்பாங்க? அவங்களும் மனுஷங்கதானே. இதுக்கு பதில் இல்லாம மத்தது எல்லாம் பேசி பிரயோஜனம் இல்லை.

தளி டீச்சர்

சார், அதுக்குத்தான் வரேன். டீச்சர் எண்ணிக்கை எதை வெச்சு முடிவாகுது? தொடக்கப்பள்ளிக்கு 60 பிள்ளை வரைக்கும் ரெண்டு டீச்சர், 61ல இருந்து 90 வரை மூணு. நம்ம மாநிலத்துல ஆகஸ்ட் 1 நிலவரத்தை வெச்சு பணி நிர்ணயம் பண்றாங்க. உங்க ஸ்கூல்ல லோக்கல் பிள்ளைங்க மட்டும்னா வருஷா வருஷம் குறையும், வேன் வந்து பிரைவேட்டுக்கு அள்ளிட்டுப் போகுது, நம்ம கண்ணு முன்னாடி எத்தனை ஸ்கூல் ஈராசிரியர் பள்ளியா ஆகிடுச்சு. இந்தக் குழந்தைங்கள ஜூன், ஜூலையிலயே தேடிப் போய் சேத்து, எமிஸ்ல (அரசோட ஆன்லைன் மாணவர் பதிவு) ஏத்தினா 60ஐ தாண்டுது, மூணாவது டீச்சர் கேக்க உரிமை வருது. டிசி இல்லைன்னு திருப்பி அனுப்பினா போஸ்ட்டும் போகும். உங்க பையனுக்கு தனி டீச்சர் கிடைக்கறதுக்கு இந்தப் பிள்ளைங்கதான் வழி.

அதனால லைன் வீடுங்களுக்கு ஏப்ரல், மே மாசத்துலயே போகணும், பள்ளி செல்லா குழந்தைகள் கணக்கெடுப்பு அப்போ நடக்கும், வட்டார வளமையத்துல இருந்து பிஆர்டிஇ (ஆசிரியர் பயிற்றுநர்) வருவாங்க, கூட எஸ்எம்சியும் போனா ஒரு குழந்தையும் விட்டுப் போகாது.

சிப்காட் ஷிஃப்ட்

இந்த ஆகஸ்ட் 1 விஷயம் எனக்கு தெரியாதுங்க டீச்சர். அப்படின்னா நானே சண்டே ஆஃப்ல லைன் வீட்டுக்கு வரேன். ஜுஜுவாடி, மூக்கண்டப்பள்ளி பக்கம் எந்தெந்த காம்பவுண்டுல குடும்பம் இருக்குன்னு எனக்கு அத்துப்படி, எங்க கான்ட்ராக்ட் பசங்க அங்கதான் இருக்காங்க.

அஞ்செட்டி மலை

ஒரு சின்ன வேண்டுகோள். எல்லாரும் வெளியூர்ல இருந்து வர்ற பிள்ளைங்கள பத்தி பேசறீங்க, சந்தோஷம். எங்க பெட்டமுகிலாளம், அஞ்செட்டி மலையில இருக்கற இருளர் பிள்ளைங்க இந்த மண்ணுலயே பொறந்ததுங்க, ஆனா கீழ ஸ்கூலுக்கு வந்தா அதுங்களும் வெளியூர் மாதிரிதான் நடத்தப்படுது. பேச்சு கேலி பண்றாங்க, பேர் கேலி பண்றாங்க. யானை வர்ற பாதையில நடந்து வந்து லேட்டானா வெளிய நிறுத்தறாங்க. எஸ்டி சான்றிதழுக்கு ஆர்டிஓ ஆபீசுக்கு அலைஞ்சு அலைஞ்சு உண்டு உறைவிடப் பள்ளி, ஸ்காலர்ஷிப் எல்லாம் தள்ளிப் போகுது. உங்க தீர்மானத்துல "வெளிமாநிலக் குழந்தைகள்"னு போடாதீங்க, வீட்டு மொழி வேறயா இருக்கற எல்லாக் குழந்தைங்களும்னு போடுங்க.

பாகலூர்ரோடு அம்மா

கண்டிப்பா அப்படியே போடறேன்ங்க.

இவ்ளோ பேர் எழுதினதுக்கு நன்றி. மீட்டிங்குக்கு நான் எழுதி வெச்சிருக்கறது இது. டிசி, ஆதார் எது இல்லைன்னாலும் வர்ற அன்னிக்கே சேக்கறது, பேப்பர் அப்புறம் வாங்கித் தர எஸ்எம்சி பொறுப்பு. எல்லா வகுப்புலயும் அகர வரிசையில உக்கார வெக்கறது. வீட்டு மொழி வேறயா இருக்கற குழந்தைக்கு கணக்கை வாயால, அவங்க பாஷையிலயே கேட்டுட்டு அப்புறம் நிலை பிரிக்கறது. லைன் வீட்டு குடும்பத்துல இருந்து ஒரு அம்மாவை ஒவ்வொரு மீட்டிங்குக்கும் கூப்பிடறது. ஏப்ரல்ல கணக்கெடுப்புக்கு கூடப் போறது, சிப்காட் அண்ணா பேர் எழுதிட்டேன்.

மொழி தெரிஞ்ச ஆள் மட்டும்தான் இன்னும் கிடைக்கலை. கேரளாவுல எர்ணாகுளம் மாவட்டத்துல ரோஷ்னின்னு 2017ல ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்களாம், ஹிந்தி, பெங்காலி, ஒடியா தெரிஞ்ச தன்னார்வலர்ங்கள ஸ்கூல்ல போட்டு பிள்ளை பாஷையில ஆரம்பிச்சு மலையாளத்துக்கு கூட்டிட்டுப் போனாங்க, ஸ்கூல் மணி அடிக்கறதுக்கு முன்னாடியே கிளாஸ். நம்ம ஊர்ல இல்லம் தேடிக் கல்விக்கு 2021ல எவ்ளோ தன்னார்வலர்ங்க சாயங்காலம் வந்து நடத்தினாங்க, அந்த மாதிரி ஒரு ஆள் போதும்.

பாலிஹவுஸ் சூப்பர்வைசர்

ஆள் இருக்காங்கக்கா. எங்க தோட்டத்துல பூ தரம் பிரிக்கற ஒரு அக்கா, ஜார்கண்ட்காரங்க, பத்தாவது முடிச்சவங்க. சதரி, ஹிந்தி, ஓரளவு ஒடியா, தமிழ் நல்லாவே பேசுவாங்க, அவங்க பையனும் ஒன்னாவது சேர வேண்டிய வயசு. நேத்து கேட்டேன், ரொம்ப ஆசையா சரின்னாங்க. ஓனர்கிட்டயும் பேசிட்டேன், காலைல எட்டரைல இருந்து ஒரு மணி நேரம் வாரத்துல மூணு நாள் விடறேன், சம்பளம் பிடிக்க மாட்டேன்னு சொல்லிட்டார். ஸ்கூல் பேர்ல ஹெச்எம் கையெழுத்தோட ஒரு லெட்டர் மட்டும் கேக்கறார்.

கிருஷ்ணகிரி வக்கீல்

லெட்டர்ல நேரம், நாள், யார் முன்னிலையில கிளாஸ் நடக்கும்னு தெளிவா போடுங்க, அவங்களுக்கும் பாதுகாப்பு, ஸ்கூலுக்கும் பாதுகாப்பு. எஸ்எம்சி தீர்மான நம்பரும் போட்டுடுங்க. அப்புறம் குடும்பம் ஊர் மாறிப் போறப்போ குழந்தையோட பென் நம்பரை (நிரந்தர கல்வி எண்) ஒரு பேப்பர்ல எழுதி அம்மா கையில குடுத்து அனுப்புங்க, அது எல்லா மாநிலத்துலயும் செல்லும், அடுத்த ஊர்ல மறுபடி ஒன்னாவதுல இருந்து ஆரம்பிக்க சொல்ல மாட்டாங்க.

பாகலூர்ரோடு அம்மா

சரிங்க சார். சூப்பர்வைசர் தம்பி, அந்த அக்காவோட நேர்ல பேசணும், இந்த வாரம் எந்த நாள் அவங்களுக்கு தோதுப்படும்னு கேட்டுச் சொல்லுப்பா, நான் லைன் வீட்டுக்கே வந்துடறேன். லெட்டரை நாளைக்கு ஹெச்எம்கிட்ட எழுதி வாங்கிடறேன்.